நைரோபியில் முதல் வாரம்: வெள்ளவத்தையிலிருந்து போகிறவர்களுக்கு

நைரோபிப் பயணம் கொழும்பு பொரளையில் தொடங்குகிறது. அங்கே எம்.ஆர்.ஐ. என்கிற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு அட்டையை வாங்குங்கள். ஊசி போட்டு 10 நாள் போனால்தான் அட்டை செல்லும். அதனால் டிக்கெட் போட்ட கையோடு இதையும் முடியுங்கள். திரும்பி வரும்போது கட்டுநாயக்க விமான நிலையத்தில் நம் ஆட்களே அதைக் கேட்கலாம். விசா 2024 ஜனவரியோடு போய்விட்டது, இப்போது இ.டி.ஏ. என்கிற மின்னணுப் பயண அனுமதி, ஏறுவதற்கு முன்பே ஒன்லைனில் எடுக்க வேண்டும்.

அம்மா எனக்கு மிளகாய்த்தூளும் முறுக்கும் சொப்பிங் பைகளில் கட்டித் தந்திருந்தார். கென்யாவில் 2017 ஓகஸ்ட்டிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் பைக்குத் தடை, வெளிநாட்டாருக்கும் சேர்த்துத்தான். புறப்படும் இரவில் எல்லாவற்றையும் டப்பாக்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்வெட்டரை மறக்காதீர்கள். ஆபிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஜூலை மாதம் அரைக்கைச் சட்டையோடு போய் இறங்கினேன். நகரம் கிட்டத்தட்ட 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியாவுக்குக் கொஞ்சம்தான் கீழே. ஜூலைக் காலையில் பல்லுக் கிட்டும். பிளக் நம்முடைய சதுர மூன்று முள் பிளக்தான்.

இறங்கியதும் முதல் வேலை சிம். பாஸ்போட்டைக் காட்டி வாங்குங்கள், அதிலேயே எம்-பெசாவையும் திறக்கச் சொல்லுங்கள். 2007இல் வந்த இந்தக் கைபேசிப் பணப்பை இல்லாமல் அங்கே காலம் தள்ளுவது கஷ்டம். பெசா என்றால் பணம். நம் பைசாவின் உறவு. தெருவுக்குத் தெரு பச்சைப் பெயின்ற் அடித்த சின்னக் கூண்டுகளில் முகவர்கள் இருப்பார்கள். காசைக் கொடுத்தால் உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார்கள், நாம் ரீலோட் போடுவது மாதிரி. கடையில் ஒட்டியிருக்கும் டில் நம்பரை, அதாவது அந்தக் கடையின் எண்ணை, போனில் அடித்து, தொகையும் பின் நம்பரும் கொடுத்தால் இரண்டு பேருக்கும் குறுஞ்செய்தி வரும். தக்காளி விற்கிற ஆச்சியும் அது வரும்வரை பையைக் கையில் தர மாட்டார். பின் நம்பரை முகவரிடம்கூடச் சொல்லாதீர்கள்.

அடுத்தது மணி. இதில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். வீட்டுக் குழாய் ஒழுகியது. சரிபார்க்கிறவர் 'சா ம்பிலி'க்கு வருவார் என்றார் காவலாளி. ம்பிலி என்றால் இரண்டு என்று முதல் நாள்தான் படித்திருந்தேன். அரைநாள் லீவு போட்டுக்கொண்டு பகல் இரண்டு மணிக்கு மூச்சிரைக்க வந்து நின்றால், மனிதர் காலை எட்டுக்கே வந்து கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டாராம். சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழுதான் 'சா மோஜா', அதாவது ஒரு மணி. பஞ்சாங்கத்தில் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுகிற நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் நம் மணி, சுவாஹிலியில் சொன்னால் ஆறைக் கூட்டுங்கள். குழாய் மேலும் மூன்று நாள் ஒழுகியது.

சாப்பாடு பிரச்சினையில்லை. உகாலி என்பது வெள்ளைச் சோள மாவுக் களி; சுக்குமா விக்கி என்ற கீரையோடு சாப்பிட்டால் இறங்கும். சப்பாத்தி எங்கும் கிடைக்கும். சாயாவைப் பாலோடு சேர்த்தே கொதிக்க வைக்கிறார்கள். பிளேன்டீ குடிக்கிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக மட்டாட்டு: பாட்டும் படமுமாக ஓடும் தனியார் வான். மழை பெய்தால் கட்டணம் கூடும், ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் இருந்தால் போனை வெளியே எடுக்காதீர்கள், நெரிசலில் வான் நிற்கும்போது பறித்துவிடுவார்கள். கொண்டக்டரைக் 'காக்கா' என்று கூப்பிடலாம். சுவாஹிலியில் அது சகோதரன். நம் ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற அதே சொல். இறங்க 'ஷுகிஷா' என்று சொல்ல வேண்டும். முதல் நாள் அது வாயில் வராமல் பழக்கதோஷத்தில் "இறக்கம்!" என்று கத்தினேன். காக்கா நிறுத்தினார்.