அல்பர்ராசின்: உச்சியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

ஸ்பெயினின் வாலென்சியாவில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கடற்கரைக்கு அவர்களே போய்க்கொள்வார்கள். நான் கூட்டிப்போவது அல்பர்ராசினுக்கு. தெருவேல் நகருக்கு மேற்கே, 40 கி.மீ.க்குள், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், ஆயிரம் பேர் அளவில் வாழும் ஊர். வருகிறவர்கள் பலர் நேராகச் சதுக்கத்துக்குப் போய், நாலு படம் எடுத்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால் ஊர் அழகு என்பதைத் தவிர வேறெதுவும் பிடிபடாது.

காரைக் கீழே நிறுத்துங்கள். வெயில் ஏறுவதற்குள் மதிலை ஒட்டி அந்தாதோர் கோபுரம் வரை ஏறிவிடுங்கள். மூச்சு வாங்கும், செருப்பு சரிப்படாது. மேலே போனதும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பாருங்கள். குவாதலவியார் ஆறு பாறையை அறுத்து, ஊரை ஏறக்குறைய சுற்றி வளைத்து ஓடுகிறது. இதே ஆறுதான் தெருவேலைத் தாண்டி, தூரியா என்ற பெயரில் எங்கள் ஊருக்கு வருகிறது. ஆறு வளைத்த பக்கமெல்லாம் பள்ளத்தாக்கே காவல். பாக்கி இந்த மலைச்சரிவுதான். இங்கிருந்து எதிரி இறங்கிவிடக் கூடாதென்றுதான் மதில் இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது.

வரலாற்றையும் அங்கேயே உட்கார்ந்து யோசித்துவிடலாம். 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் பெரும்பகுதியை ஆண்ட முஸ்லிம் அரசான கோர்தோபா கலீபகம் சிதறியபோது, பனூ ரசீன் என்ற வட ஆப்பிரிக்க பெர்பர் குலம் இங்கே தனியரசு நடத்தியது. 1104இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொராவிது அரச வம்சம் பிடித்தது. பிறகு வடக்கே நவார்ராவிலிருந்து வந்த அசாக்ரா என்ற கிறிஸ்தவப் பிரபுக் குடும்பம். அவர்கள் அக்கம்பக்கத்துப் பெரிய அரசுகளான அரகோனுக்கும் அடங்கவில்லை, காஸ்தீலுக்கும் அடங்கவில்லை. அன்னை மரியாவுக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கைக்குட்டை அளவு ஊர்! அரகோன் அரசர் மூன்றாம் பெத்ரோ 1284இல் முற்றுகை போட்டுத்தான் இதை எடுக்க முடிந்தது.

அப்புறம் தெருவுக்கு இறங்குங்கள். பாறை மேல் இடம் குறைவு என்பதால் மேல்மாடிகள் தெருப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். சில சந்துகளில் எதிரெதிர்க் கூரைகள் முட்டாத குறைதான். மோலினா வாசலருகே கோணல்மாணலாக நிற்கும் ஹூலியானெத்தா வீட்டை எல்லாரும் எட்ட நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் கிட்டே போய்ச் சுவரைப் பாருங்கள். மரச்சட்டங்களுக்கு நடுவே ஜிப்சம் பூச்சு. அதிலுள்ள இரும்புதான் அந்தச் செம்மை நிறத்துக்குக் காரணம். மொந்தேர்தே குடும்ப மாளிகை போன்ற பெரிய வீடுகளைப் பார்க்கும்போது ஆடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மலைநாட்டின் செல்வம் ஆட்டு ரோமத்தில் வந்தது. குளிர்காலத்தில் மந்தைகளைத் தெற்கே அந்தலூசியாவுக்கு ஓட்டிப்போய்க் கோடையில் திரும்புகிற மேய்ப்பர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உணவகங்களில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் 2 மணிக்குத்தான் சூடு பிடிக்கும். 12 மணிக்கே பசிக்கிறவர்கள் பையில் ஏதாவது வைத்திருங்கள்.

சாப்பிட்ட பின் ரோதெனோ பைன் காடு. செம்மணற்கல் பாறைகளில் வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள். 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. நேரமில்லையென்றால் பிராதோ தெல் நவாசோ என்ற ஓவியப் பாறை மட்டும் போதும். அங்கே காளைகளை வெள்ளை நிறத்தில் தீட்டியிருக்கிறார்கள். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், கண் பழகக் கொஞ்ச நேரம் நின்றால்தான் கொம்பு தெரியும்.

திரும்பும் வழியில் கெயா என்ற ஊரில் இறங்க மறக்காதீர்கள். குவாதலவியார் தண்ணீரைச் சேய்யா என்ற ஊருக்குக் கொண்டுபோக ரோமானியர்கள் சுமார் 25 கி.மீ. கால்வாய் வெட்டினார்கள், அதில் ஒரு பகுதி பாறையைக் குடைந்த சுரங்கம். உள்ளே போக அனுமதிக்கும் பகுதிக்கு நல்ல டார்ச் எடுத்துப்போங்கள், செல்போன் வெளிச்சம் பத்தாது.