டாம்கேட் தொடங்கத் தாமதமா? ஜார் ஸ்கேனைக் குறையுங்கள்

பெரிய ஜாவா அப்ளிகேஷனின் லிப் ஃபோல்டரில் இருநூறு ஜார் (ஜாவா கோடைப் பொதிந்த ஃபைல்) இருந்தால், அதை இயக்கும் டாம்கேட் சர்வர் தொடங்கும்போது டேக் லைப்ரரி (ஜாவா வெப் பக்கங்களான ஜேஎஸ்பியில் பயன்படும் டேக்குகளின் தொகுப்பு), அனோட்டேஷன் (கோடிலேயே எழுதும் அமைப்புக் குறிப்பு) தேடி அத்தனையையும் திறந்து பார்க்கும். பெரும்பாலானவற்றில் அது தேடுவது எதுவும் இருக்காது.

முதலில் லாகிங் ப்ராபர்டீஸ் ஃபைலில் ஜாஸ்பரின் (டாம்கேட்டில் ஜேஎஸ்பியைக் கையாளும் பகுதி) 'டிஎல்டி ஸ்கேனர்' லாகரை, விவரமாகப் பதிவு செய்யும் ஃபைன் நிலையில் வைத்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டேக் லைப்ரரி இல்லாமலே ஸ்கேன் ஆன ஜார்களின் பெயர்கள் லாகில் வரிசையாக வரும். அவற்றை கேட்டலினா ப்ராபர்டீஸ் ஃபைலில் உள்ள 'ஜார்ஸ் டு ஸ்கிப்' (ஸ்கேனில் தவிர்க்க வேண்டிய ஜார்கள்) பட்டியலில் காற்புள்ளியிட்டுச் சேர்த்துவிடுங்கள். பதிப்பு எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால், ஜார் அப்டேட் ஆன பிறகும் பட்டியல் செல்லுபடியாகும். பட்டியல் அடுத்த வரிக்குப் போனால் வரி முடிவில் பின்சாய்வுக்கோடு (\) கட்டாயம். அதன் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் பட்டியல் அங்கேயே அறுந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக நட்சத்திரம் போட்டுத் தள்ளிவிடாதீர்கள். ஜேஎஸ்டிஎல் (ஜேஎஸ்பியின் ஸ்டாண்டர்ட் டேக் லைப்ரரி) ஜாரும் ஸ்கேனில் தவிர்க்கப்பட்டால், அதைப் பயன்படுத்தும் ஜேஎஸ்பி பக்கம், அந்த லைப்ரரியின் அடையாள முகவரியான யூஆர்ஐ கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். அதுவும் சர்வர் தொடங்கும்போது அல்ல, யாராவது அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதுதான் தெரியும்.

அப்ளிகேஷனின் அமைப்பு ஃபைலான வெப் எக்ஸ்எம்எல்லில் 'மெட்டாடேட்டா கம்ப்ளீட்' ட்ரூ என்று வைத்தாலும் வேகம் கூடும். ஆனால் அனோட்டேஷனால் மட்டும் பதிவான சர்வ்லெட், ஃபில்டர் (வெப் கோரிக்கைகளைக் கையாளும் கிளாஸ்கள்) எதுவும் அதன்பின் வேலை செய்யாது.