பட்டா இருக்கு, அப்ரூவல் இருக்கு. அப்புறம் எப்படி இடிக்கிறார்கள்?

கொச்சியை ஒட்டிய மரடில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடி வைத்துத் தகர்த்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கே வீடு வாங்கியவர்கள் பத்திரம் போட்டு, முழுப் பணம் கட்டி வாங்கியவர்கள்தான். 2006-இல் மரடு பஞ்சாயத்து கட்டட அனுமதியும் கொடுத்திருந்தது. இல்லாமல் போனது கேரளக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் ஒன்றுதான். 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொல்லிவிட்டது. உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடு தலா 25 லட்சம் ரூபாய்.

நிலமோ தொழிலோ, நம் ஆட்கள் சுற்றுச்சூழல் சட்டத்தில் மாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். கையில் பேப்பரே இல்லாமல் மாட்டுபவர்கள் குறைவு. ஒரு கேள்விக்கான பேப்பரை வேறொரு கேள்விக்குப் பதிலாக நீட்டுபவர்கள்தான் அதிகம்.

"ஈசி கிளியர் சார்" என்று புரோக்கர் சொல்வார். அவர் சொல்வது வில்லங்கச் சான்று. அந்த நிலத்தின் மேல் என்னென்ன பதிவுகள் நடந்தன என்பதை மட்டும்தான் அது சொல்லும். நிலம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்ததா, ஓடையாக இருந்ததா என்று அதில் ஒரு வரியும் இருக்காது. (பில்டர்கள் 'ஈசி' என்றால் அது சுற்றுச்சூழல் அனுமதி. ஒரே சுருக்கம், இரண்டு சமாச்சாரம். எந்த ஈசி என்று கேட்டுவிடுங்கள்.) நிலத்தின் ஜாதகம் கிராமக் கணக்கில் இருக்கிறது. 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது, புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) வாய்க்கால் ஏதும் குறுக்கே போகிறதா, பக்கத்து எண்கள் ஓடைப் புறம்போக்கா என்று பாருங்கள். நிலத்தை மார்கழி மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சித்திரையில் காட்டினால் எல்லா ஏரியும் மைதானம்தான்.

நீர்நிலை என்று தெரிந்துவிட்டால் பட்டாவை நம்பி மட்டும் நிற்க முடியாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஊர்ப் பொது நிலத்தை வளைத்துவிட்டு, 'செலவு செய்து கட்டிவிட்டோம், பல வருடமாகக் குடியிருக்கிறோம்' என்று வரன்முறை கேட்பதை 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2017-இல் வந்த அங்கீகாரமற்ற மனைகளின் வரன்முறைத் திட்டமும் நீர்நிலையில் போட்ட மனைக்குப் பொருந்தாது.

கடற்கரை விஷயத்தில் இன்னொரு தவறு. "கடல் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கே" என்பார்கள். கடலோர மண்டலக் கட்டுப்பாடு, கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை அதிகபட்சம் ஏறும் கோடு) 500 மீட்டர் வரை என்பது சரி. ஆனால் கடல்நீர் ஏறி இறங்கும் ஆறு, கழி, உப்பங்கழிகளின் கரையும் அதே சட்டத்துக்குள் வரும். 2011 அறிவிக்கையில் இது 100 மீட்டர், 2019-இல் 50 மீட்டர். அகலம் அதைவிடக் குறைவு என்றால் அந்த அகலம். மரடு இருப்பதும் காயல் எனும் உப்பங்கழியின் ஓரம்தான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கினால் கடலோர மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணைத் தேடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தொழில் பக்கம் வருவோம். இங்கே பலரும் செய்வது, நிலம் வாங்கி, ஷெட் போட்டு, மெஷின் இறக்கி, கடைசியில் பொல்யூஷன் போர்டுக்குப் போவது. வரிசையே தலைகீழ். 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின்படியும் நிறுவுவதற்கு முன்னால் ஓர் இசைவாணை (வாரியத்தின் அனுமதி), ஓட்டுவதற்கு முன்னால் இன்னொன்று. மாசின் அளவைப் பொறுத்துத் தொழில்களை நிறங்களால் வகை பிரித்திருக்கிறார்கள். மாசு மிகக் குறைந்த வெள்ளை வகைத் தொழில் என்றால் தகவல் கொடுத்தால் போதும். பச்சை, ஆரஞ்சு, சிவப்புக்குக் கட்டாயம் வேண்டும். சிவப்பு வகையில் இடமே பிரச்சினை ஆகலாம். தமிழ்நாட்டில் 1989, 1998 அரசாணைகள், அதிகம் மாசுபடுத்தும் தொழில்களை நீர்நிலையிலிருந்து 1 கிலோமீட்டர், காவிரி, பாலாறு, வைகை, தாமிரபரணி போன்ற ஆறுகளிலிருந்து 5 கிலோமீட்டர் என்று தள்ளி வைக்கின்றன. ஷெட் போட்ட பிறகு இது தெரிந்தால் பேங்க் வட்டிதான் ஓடும்.

இசைவாணை வாங்கியவர்களும் அதைப் படிப்பதில்லை. அதில் பொருளும் அளவும் எழுதியிருக்கும். மாதம் 10 டன் என்று வாங்கிவிட்டு 25 டன் ஓட்டினால், மீதி 15 டன்னுக்கு உங்களிடம் அனுமதி இல்லை என்றே பொருள். காலாவதியும் அப்படியே.

அபராதம் சில ஆயிரம்தானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2019-இல் வகுத்த இழப்பீட்டுச் சூத்திரத்தில் ஆரஞ்சு வகைக்கு மாசுக் குறியீடு 50, நாளுக்கு 250 ரூபாய், சிறு தொழிலுக்குப் பெருக்கும் எண் 0.5, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள ஊருக்கு 1. பெருக்கினால் ஒரு நாளுக்கு 6,250 ரூபாய். 200 நாள் விதி மீறியதாகக் கண்டால் பன்னிரண்டரை லட்சம். வாரியங்களே இழப்பீடு விதிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பல ஆலைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு இருக்கிறது, கழிவுநீர் அவர்கள் பாடு என்று நினைப்பது இன்னொரு தவறு. 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் சேர்த்து மூடச் சொன்னார்கள். மின் இணைப்பும் போனது. நிலையம் துளிக்கழிவும் வெளிவிடாமல் ஓடுகிறதா என்பது பங்குதாரர் ஒவ்வொருவரின் கவலையும்தான்.

பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள் 20,000 சதுர மீட்டர் என்ற வரம்பை மறப்பதில்லை. அதைத் தொட்டால் கட்டும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் வினை. பின்தேதி அனுமதி கூடாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நவம்பரில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. ஆறு மாதத்தில் திசை மாறும் விஷயத்தை நம்பி யாராவது கோடிக்கணக்கில் போடுவார்களா?

அப்பார்ட்மென்ட் சங்கங்களுக்கு ஒன்று. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் இசைவாணை பில்டர் பெயரில் இருந்தால், பொறுப்பை ஏற்கும் நாளிலேயே பெயரை மாற்றச் சொல்லுங்கள். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க அதை ஓட்டாமல் வைத்தால், மழைநீர் வடிகாலில் போகும் கழிவுக்குச் சங்கம்தான் பதில் சொல்லவேண்டும்.

கடைக்காரர்களுக்கு: நாட்டின் பொது விதிப்படி 120 மைக்ரானோ அதற்கு மேலோ தடிமன் உள்ள பிளாஸ்டிக் பையைப் பயன்படுத்தலாம். ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பை எந்தத் தடிமனிலும் கூடாது.

கடைசியாக நோட்டீஸ். விளக்கம் கேட்டு வந்ததைப் பதில் எழுதாமல் பீரோவில் வைத்தால், அடுத்து வருவது மூடச் சொல்லும் உத்தரவாக இருக்கலாம். அதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள். தக்க காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் தீர்ப்பாயமே நினைத்தாலும் காலம் நீட்ட முடியாது. உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள், வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.