சினாக்தென் சோதனை அறிக்கையை வாசிக்கும் முறை

சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, உடலுக்கு இன்றியமையாத கார்ட்டிசால் என்ற ஹார்மோனைத் தேவையான அளவு சுரக்கிறதா என்று அறிய, அட்ரினலைத் தூண்டும் செயற்கை ஹார்மோனான சினாக்தெனை 250 மைக்ரோகிராம் ஊசியாகச் செலுத்தி, அதற்கு முன்பும் 30, 60ஆவது நிமிடங்களிலும் இரத்தம் எடுக்கிறார்கள்.

முதலில் அலகைப் பாருங்கள். சிங்கப்பூர் அறிக்கைகளில் பொதுவாக லிட்டருக்கு நானோமோல் என்றும், தமிழ்நாட்டு அறிக்கைகளில் பெரும்பாலும் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்றும் இருக்கும். பின்னதை 27.6ஆல் பெருக்கினால் முன்னது கிடைக்கும். 18 என்பது ஏறத்தாழ 500. என் தாயாரின் சென்னை அறிக்கையும் இங்கு சிங்கப்பூரில் எடுத்த அறிக்கையும் ஒத்துப்போவது இந்தப் பெருக்கலுக்குப் பிறகே எனக்குப் புலப்பட்டது.

அடுத்து, ஊசிக்குப் பிந்தைய இரண்டு எண்களில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலிருந்து எவ்வளவு கூடியது என்று கணக்கிட வேண்டியதில்லை. தொட்ட உச்சமே முக்கியம்.

அந்த உச்சத்தை எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பழைய நூல்கள் லிட்டருக்கு 500 முதல் 550 நானோமோல் வரை எல்லை வகுத்தன. கார்ட்டிசாலை மட்டும் துல்லியமாக இனங்காணும் புதிய முறைகள் அதே இரத்தத்தில் குறைவான எண்ணையே காட்டுவதால், அவற்றுக்கான எல்லை 400-450 அளவில் வைக்கப்படுகிறது. ஆகவே 460 என்ற முடிவு ஒரு முறையில் போதுமானதாகவும், இன்னொரு முறையில் குறைவாகவும் கொள்ளப்படலாம். இணையத்தில் தேடிய எல்லையை நம்புவதைவிட, அந்த ஆய்வகம் எந்த முறையில் அளக்கிறது, அதன் எல்லை என்ன என்று மருத்துவரிடம் கேட்பதையே நான் வலியுறுத்துவேன்.

உச்சம் குறைவாக இருந்தால், ஊசிக்கு முன் எடுத்த ஏசிடிஎச் (மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலைத் தூண்டச் சுரக்கும் ஹார்மோன்) அளவைப் பாருங்கள். அது மிக உயர்ந்திருந்தால் கோளாறு அட்ரினலிலேயே இருக்கக்கூடும். தாழ்ந்தோ இயல்பாகவோ இருந்தால் பிட்யூட்டரியையோ நீண்டகால ஸ்டீராய்டு பயன்பாட்டையோ ஆராய வேண்டும். பிட்யூட்டரி அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குள் இச்சோதனை பொய்யாக நல்ல முடிவைத் தரலாம், ஏனெனில் அட்ரினல் இன்னும் சுருங்கியிருக்காது.

ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, கார்ட்டிசாலைப் பிணைக்கும் புரதத்தைக் கூட்டி எண்ணை உயர்த்திக்காட்டும். அன்று காலை விழுங்கிய ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கார்ட்டிசாலாகவே அளக்கப்படும். எனினும் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது.

பின்னர் சேர்த்தது: முடி வளர உண்ணும் பயோட்டின் சில ஆய்வுமுறைகளைக் குழப்பும் என்பதை வாசகர் ஒருவரின் கேள்விக்குப் பிறகு சேர்க்கிறேன். மூட்டுவலிக்காக இணையத்தில் வாங்கும் ‘மூலிகை’ மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அத்தகைய சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. தொடர் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை தோன்றினால், முடிவுக்குக் காத்திராமல் சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ அழையுங்கள்.