நாட்களை எண்ணத் தொடங்குவது எப்படி

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் தீர்மானங்கள் பெரும்பாலும் பொங்கலைத் தாண்டுவதில்லை. மனசு உண்மையானதுதான், கோளாறு தீர்மானத்தில் இருக்கிறது. ‘இனி ஆண்டவருக்காக வாழ்வேன்’ என்பதில் தேதியும் இல்லை, ஆள் பெயரும் இல்லை.

முதலில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். சங்கீதம் 90-ஐ வாய்விட்டு நிதானமாகப் படியுங்கள், 17 வசனங்கள்தான். ‘எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்’ என்று கேட்கிற சங்கீதம் அது. பத்தாம் வசனம் ஆயுசை எழுபது வருஷம், பெலனிருந்தால் எண்பது என்கிறது. எழுபதிலிருந்து உங்கள் வயதைக் கழித்து 52-ஆல் பெருக்குங்கள். 45 வயதானவருக்கு 1,300 ஞாயிற்றுக்கிழமைகள் வரும். இது ஆரூடம் அல்ல. லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவான் அநேக வருஷங்களுக்குத் திட்டம் போட்டான். அன்று ராத்திரியே அவன் ஆத்துமா கேட்கப்பட்டது.

இங்கே பலர் பயத்தில் விழுகிறார்கள். மிச்ச நாளுக்குள் புண்ணியம் சேர்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் சுவிசேஷமே அல்ல. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்று எபேசியர் 2:8 சொல்லியாயிற்று. அதனால் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், ‘காலையிலே எங்களை உமது கிருபையால் திருப்தியாக்கும்’ என்ற சங்கீதம் 90-இன் 14-ஆம் வசனத்தையும் ஜெபமாக்குங்கள்.

அடுத்து வேதவாசிப்பு அட்டவணைக்கு ஓடாதீர்கள். வேதாகமம் அடுத்த வருஷமும் மேஜைமேல் இருக்கும். பேச்சுவார்த்தை நின்றுபோன சித்தப்பா இருப்பாரா? அவருடைய நாட்களும் எண்ணப்பட்டவைதான். ‘முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து’ என்று மத்தேயு 5:24 வரிசையைத் தெளிவாகவே வைக்கிறது.

ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள், மூன்று போதும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நீங்கள் செய்த தவறை ஒரே வரியில் எழுதுங்கள். அவர் செய்ததை எழுதவேண்டாம். இந்த மாதத்துக்குள் ஒரு தேதி குறித்து நேரில் போங்கள். தொலைவில் இருந்தால் போன் பண்ணுங்கள். வாட்ஸ்அப் செய்தி வேண்டாம், அதில் குரல் இல்லை. கல்யாண வீடு, திருவிழா போன்ற கூட்டத்தில் பேச்செடுக்காதீர்கள். ‘சித்தப்பா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்களை மரியாதையில்லாமப் பேசினது என் தப்பு. மன்னிச்சிருங்க’ என்றதும் நிறுத்திவிடுங்கள். ‘ஆனா நீங்களும்...’ என்று தொடங்கினால் மன்னிப்பு போய்ப் பஞ்சாயத்து வந்துவிடும். அவர் முகம் கொடுக்காவிட்டாலும் உங்கள் பங்கு முடிந்தது. ரோமர் 12:18 ‘கூடுமானால் உங்களாலானமட்டும்’ என்றுதான் கேட்கிறது. அடித்துத் துன்புறுத்திய ஒருவரை மன்னிப்பது வேறு, அவர் வீட்டுக்குத் திரும்புவது வேறு. மன்னிப்புக்காக ஆபத்துக்குள் போகாதீர்கள்.

பணம் பாக்கி என்றால் வார்த்தை போதாது. அநியாயமாய் எடுத்ததை ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பித்தரச் சொல்கிறது லேவியராகமம் 6:5. பத்தாயிரம் என்றால் பன்னிரண்டாயிரம். மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் கொடுங்கள். முதல் தவணையை மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

இப்போது வேதவாசிப்பு. 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் ஒரு வருஷத்தில் முடியும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டோம். ஆதியாகமத்தில் உற்சாகமாகக் கிளம்பி லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள்தான் அதிகம். புதிய ஏற்பாடு 260 அதிகாரங்கள்; வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். மாற்குவில் தொடங்குங்கள். தவறிய நாட்களை ஒரே இரவில் ஈடுகட்ட முயலாதீர்கள். வாரத்தின் மற்ற இரண்டு நாட்கள் அதற்காகவே இருக்கின்றன.

சபையின் பாடகர் குழு, கமிட்டி, தேர்தல் வேலைகளில் கூடுதல் பொறுப்பை முதல் ஆறு மாதம் ஏற்காதீர்கள். சபை வேலை மும்முரம் ஜெபத்தின் இடத்தைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக உயில். இதை உலகக் காரியம் என்று தள்ளுகிறோம்; ஆனால் எசேக்கியா ராஜா வியாதிப்பட்டபோது ஏசாயா தீர்க்கதரிசி கொண்டுவந்த செய்தியே ‘வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும்’ என்பதுதான். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு போகும். உயிலில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பதிவு கட்டாயமில்லை. சொத்து பெறுபவரையோ அவருடைய கணவனையோ மனைவியையோ சாட்சியாகப் போட்டால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும், புதிதாக எழுதவேண்டும். அசல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று, உயிலை நிறைவேற்றுபவராகப் பெயர் போட்டவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.