மேஜ் ஆடுபவர்கள் மனாவை வீணடிக்கும் இடங்கள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய ஆட்டத்தில் மேஜ் என்னும் மந்திரவாதியாகப் புதிதாக ஆடும் யாருடன் குழு சேர்ந்தாலும், அரை மணி நேரத்துக்குள் மந்திரம் போடத் தேவையான ஆற்றல், அதாவது மனா, தீர்ந்து அந்த வரி வந்துவிடுகிறது: "மனா இல்லை, கொஞ்சம் பொறுங்கள்." 2004-இல் மூல ஆட்டம் வந்த காலத்தில் நாங்கள் எல்லோரும் எழுதிய அதே வரி. 2019-இல் கிளாசிக் திறந்தபோது வந்தவர்களும் எழுதினார்கள், போன வாரம் என் குழுவுக்கு வந்தவரும் எழுதினார். ஆட்கள் மாறுகிறார்கள், மனா போகும் ஓட்டைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

மனாவை நிரப்பும் தண்ணீர் எடுக்காமல் கிளம்புவது, பாதி மனாவோடு பாஸ் (பெரிய எதிரி) அறைக்குள் நுழைவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு முறை செத்தால் அவை தாமாகப் புரிந்துவிடும். செத்த பிறகும் புரியாத தவறுகள் சில உண்டு. அவற்றைச் செய்பவர், தன் மனா எங்கே போனது என்றே தெரியாமல் பல மாதங்கள் ஆடிக்கொண்டிருப்பார். கீழே வரும் எண்கள் பெரும்பாலும் 60-ஆம் லெவல் மேஜுக்கானவை. லெவல் குறைவாக இருந்தால் எண்களும் குறையும், விதிகள் மாறாது.

ஐந்து நொடியை உடைப்பது

மற்ற தவறுகளையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இதைப் பார்க்கும்போது மட்டும் இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் கவனமாக ஆடுபவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள்.

விதி இதுதான். மனா செலவாகும் ஒரு மந்திரத்தைப் போட்டால், அடுத்த ஐந்து நொடிகளுக்கு ஸ்பிரிட் என்னும் பண்பு வழியாக வர வேண்டிய மனா வராது. அந்த ஐந்து நொடி கழிந்த பிறகு, இரண்டு நொடிக்கு ஒருமுறை வரத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் மேஜுக்குக் கிடைப்பது ஸ்பிரிட்டில் கால் பங்கு, அதோடு ஒரு 13. உங்கள் ஸ்பிரிட் 150 என்றால் ஏறக்குறைய 50 மனா, அதாவது நொடிக்கு 25.

சொற்பமாகத் தோன்றலாம். ஐந்து நொடி தாண்டிப் பத்து நொடி சும்மா நின்றால் 250 மனா சேர்ந்துவிடும். ஃப்ராஸ்ட்போல்ட் என்ற பனி மந்திரத்தின் கடைசி ரேங்க் (படிநிலை) 290 மனா கேட்கிறது. ஃப்ராஸ்ட் சேனலிங் திறமையை முழுதாக எடுத்தவருக்கு அதில் 15 சதவீதம் குறையும். ஆக, அந்தப் பத்து நொடியில் ஒரு முழு ஃப்ராஸ்ட்போல்ட் இலவசமாகக் கைக்கு வந்துவிட்டது.

இப்போது கவனமான புதியவர் செய்வதைப் பாருங்கள். மனா குறைகிறது என்று கவலைப்பட்டு மந்திரங்களுக்கு இடையே இடைவெளி விடுகிறார். ஒரு ஃப்ராஸ்ட்போல்ட், மூன்று நான்கு நொடி அமைதி, ஒரு ஃபயர் பிளாஸ்ட், மறுபடி நான்கு நொடி. சிக்கனமாக ஆடுவதாக அவர் நினைக்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும், வரத்து திறக்கவிருந்த நேரத்தில் தானே கதவை மூடிவிடுகிறார். எதிரிக்கும் அடி விழவில்லை, மனாவும் ஏறவில்லை. இரண்டு பக்கமும் நட்டம்.

தனாரிஸ் பாலைவனத்தில் இருக்கும் ஜுல்ஃபராக் என்ற இன்ஸ்டன்ஸில் (குழுவாகப் போகும் தனி இடம்) இதை அப்படியே நேரில் பார்த்தேன். அன்று நான் குணப்படுத்தும் ப்ரீஸ்டாகப் போயிருந்தேன், மேஜ் ஆடியவர் ஒரு தம்பி. பிரமிடின் உச்சியில் கூண்டுகளைத் திறந்து சார்ஜண்ட் பிளையையும் அவர் கூட்டத்தையும் விடுவித்ததும், படிக்கட்டு நெடுக ட்ரோல்கள் அலையலையாக ஏறி வருவார்கள். மேஜ் உண்மையிலேயே பயன்பட வேண்டிய இடம் அது. தம்பி மிகவும் கட்டுப்பாடாகத்தான் ஆடினார். சாகப்போகும் ட்ரோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபயர் பிளாஸ்ட், பிறகு கொஞ்சம் ஓய்வு. என் திரையின் ஓரத்தில் அவருடைய நீலப் பட்டை கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஒருமுறைகூட மேலே நகரவில்லை. பெரிய அலை வந்து, கூட்டத்தையே தாக்கும் பிளிஸார்ட் தேவைப்பட்டபோது அதைப் போடும் அளவுக்கு மனா இல்லை. வாரியர் விழுந்தார், அடுத்து நான்.

"கொஞ்சம் கொஞ்சமாகத்தானே அண்ணா செலவழித்தேன், ஏறவே மாட்டேன் என்கிறதே" என்றார். பொய்யில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செலவழித்தார். அதுதான் கோளாறு. 25 மனா கேட்கும் முதல் ரேங்க் ஃப்ராஸ்ட்போல்ட் போட்டாலும் ஐந்து நொடி நிற்கும், 1,400 மனா கேட்கும் கடைசி ரேங்க் பிளிஸார்ட் போட்டாலும் அதே ஐந்து நொடிதான் நிற்கும். விதி தொகையைப் பார்ப்பதில்லை. சின்ன மந்திரம்தானே என்று நான்காவது நொடியில் போடுகிறவர், கூடவே அதுவரை காத்திருந்த நான்கு நொடியையும் சேர்த்துத் தொலைக்கிறார்.

ஆகவே, போடுவதென்றால் நிறுத்தாமல் போடுங்கள். நிற்பதென்றால் முழுதாக நில்லுங்கள். எதிரியின் உயிர் கடைசித் துளியில் இருக்கிறதா? மந்திரக்கோலை எடுங்கள். அதிலிருந்து சுடுவதற்கு மனா செலவில்லை, ஐந்து நொடிக் கணக்கும் உடையாது. சுட்டுக்கொண்டிருக்கும்போதே மனா ஏறிக்கொண்டிருக்கும். ஐந்தாம் லெவலிலேயே பயன்படுத்தக்கூடிய லெஸ்ஸர் மேஜிக் வாண்டை என்சாண்டர்கள் (மந்திரமேற்றும் தொழில் கற்ற ஆட்டக்காரர்கள்) செய்து ஏலக் கடையில் விற்கிறார்கள். தொடக்க லெவல்களில் காசு கொடுத்து ஒரு பொருள் வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும். அந்தத் தம்பியின் மந்திரக்கோல் இடம் ஜுல்ஃபராக் வரையிலும் காலியாக இருந்தது.

இன்னொன்று, பழைய ஆட்டக்காரர்களிலும் பலர் கவனிக்காதது. நிறுத்தி ஓத வேண்டிய மந்திரங்களுக்கு, ஓதத் தொடங்கும்போது மனா போவதில்லை, ஓதி முடியும்போதுதான் போகிறது. ஐந்து நொடி நின்றுவிட்டு ஃப்ராஸ்ட்போல்ட்டைத் தொடங்கினால், இம்ப்ரூவ்டு ஃப்ராஸ்ட்போல்ட் திறமையோடு அதை ஓதும் இரண்டரை நொடியும் வரத்து நேரத்தில் சேரும். அதே இடத்தில் ஃபயர் பிளாஸ்ட் போன்ற உடனடி மந்திரத்தைப் போட்டால் அந்த நேரம் கிடைக்காது. அதனால்தான் நீண்ட ஓய்வுக்குப் பின் முதலில் போடுவது ஓதும் மந்திரமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

சண்டைக்கு நடுவே ஐஸ் பேரியரைப் புதுப்பிப்பது, உயிர்த்தெழுந்தவருக்கு ஆர்கேன் இன்டெலெக்ட் போட்டுவிடுவது, எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. சாபம் நீக்குவதும் எதிரியின் மந்திரத்தைத் தடுப்பதும் மேஜின் கடமை, அதற்கு ஐந்து நொடி என்ன, ஐம்பது நொடி போனாலும் செய்யுங்கள். காத்திருந்து கொண்டே இருக்கும்போது கை சும்மா இருக்க மாட்டாமல் எதையாவது அழுத்துவதைத்தான் விடச் சொல்கிறேன்.

அடிப்பார் இல்லாத இடத்தில் ஐஸ் ஆர்மர்

ஐஸ் ஆர்மர் உங்களை அடிப்பவர்களுக்கு எதிரான காப்பு மந்திரம். அடிப்பார் இல்லையென்றால் மேஜ் ஆர்மருக்கு மாறுங்கள். 34-ஆம் லெவலில் கிடைக்கிறது. அந்த ஐந்து நொடிக்குள்ளும் 30 சதவீத வரத்தைத் திறந்தே வைக்கிறது.

மாணிக்கத்தையும் மருந்தையும் கடைசிக்கு வைப்பது

மேஜ் தானே உருவாக்கும் மனா ரூபி என்ற மாணிக்கம் 1,000 முதல் 1,200 வரை மனா தரும். மேஜர் மனா போஷன் என்ற மருந்து 1,350 முதல் 2,250 வரை. இரண்டுக்கும் தனித்தனியாக இரண்டு நிமிடக் காத்திருப்பு உண்டு. புதியவர்கள் இரண்டையும் ஆபத்துக்கு என்று ஒதுக்கி வைக்கிறார்கள். பட்டை காலியான பிறகுதான் பைக்குள் கை போகிறது.

மூன்று நிமிடம் நீளும் ஒரு பாஸ் சண்டையை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் 6,000 மனா இருக்கிறது, இரண்டரை நொடிக்கு ஒரு ஃப்ராஸ்ட்போல்ட் போடுகிறீர்கள். ஐந்து போட்டதும், அதாவது பதினைந்து நொடிக்குள், 1,200 குறைந்துவிடும். ரூபியை அந்த இடத்திலேயே பயன்படுத்தினால் இரண்டேகால் நிமிடத்தில் அடுத்த மாணிக்கத்துக்கான காத்திருப்பு முடிந்திருக்கும். பட்டை காலியாகும் வரை பொறுத்தால் முதல் மாணிக்கமே ஒரு நிமிடத்துக்குப் பிறகுதான். இரண்டாவது தயாராகும்போது பாஸ் செத்துக் கிடப்பார், அல்லது நீங்கள். போஷனுக்கும் இதே வழி: 2,250 இடம் காலியானதும் குடித்துவிடுங்கள். பட்டையில் பாதிக்கு மேல் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். காத்திருப்பு நேரம் ஓடத் தொடங்குவதுதான் உங்களுக்கு வேண்டியது.

ரூபி, சிட்ரின், ஜேட், அகேட் நான்கும் வெவ்வேறு பொருள்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். சண்டைக்கு முன்பே நான்கையும் உருவாக்கிவிட்டுத் தண்ணீர் குடித்து நிரப்பிக்கொள்ளுங்கள். பயன்படுத்தும்போது பெரியது முதலில்.

எவொகேஷனை அடைகாப்பது

எவொகேஷன் மனாவை நிரப்பும் மந்திரம். எட்டு நொடி அசையாமல் ஓத வேண்டும். அந்த நேரத்தில் ஸ்பிரிட் வரத்து 1500 சதவீதம் கூடுகிறது, ஐந்து நொடி விதியும் பொருந்தாது. 150 ஸ்பிரிட் உள்ளவருக்கு மொத்தம் 3,000-க்குக் குறையாமல் வரும். காத்திருப்பு எட்டு நிமிடம். இத்தனை பெரிய கொடையைப் பூட்டி வைத்துவிட்டு, இன்ஸ்டன்ஸ் முழுவதும் ஒருமுறைகூடப் போடாமல் வெளியே வருபவர்களைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை. அடுத்த பாஸ் எட்டு நிமிடத்துக்கு அப்பால் என்று தெரிந்தால், சாதாரணக் கூட்டத்தோடு சண்டை போடும்போதே போட்டுவிடுங்கள்.

எவொகேஷனுக்காக ஸ்பிரிட் கூடுதலாக உள்ள தடி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். சண்டைக்கு நடுவிலும் ஆயுதம் மாற்றலாம். மாற்றிவிட்டு ஓதுங்கள், முடிந்ததும் பழையதை எடுத்துக்கொள்ளுங்கள். 50 ஸ்பிரிட் கூடினால் அந்த எட்டு நொடியில் 700, 800 மனா அதிகம் கிடைக்கும். பையில் சும்மா கிடக்கும் ஒரு தடிக்கு வேறு எந்தப் பயனும் இவ்வளவு இல்லை.

யாராவது உங்களை அடித்துக்கொண்டிருக்கும்போது தொடங்காதீர்கள். விழும் ஒவ்வொரு அடியும் ஓதும் நேரத்தைத் தின்றுவிடும்.

மனா ஷீல்ட்

இந்தக் கவசம் தடுக்கும் ஒவ்வொரு புள்ளி சேதத்துக்கும் இரண்டு மனா. உயிர் போகும் நேரத்துக்கு மட்டும்.

பழைய ரேங்கைத் தூக்கி எறிவது

பயிற்சியாளரிடம் புதிய ரேங்க் கற்றதும் பழையதை அப்படியே கீழ்வரிசையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். ஃப்ராஸ்ட் நோவாவின் நான்காம் ரேங்க் 145 மனா, முதல் ரேங்க் 55. எதிரி உறையும் நேரம் இரண்டிலும் எட்டு நொடி. தப்பி ஓடுவதற்காக உறைய வைப்பவருக்கு எதற்கு 145? பிளிஸார்டும் அப்படித்தான். இம்ப்ரூவ்டு பிளிஸார்ட் திறமை எடுத்தவர், கூட்டத்தின் வேகத்தைக் குறைக்க மட்டும் நினைத்தால் முதல் ரேங்க் போதும், வேகக் குறைப்பு ஒன்றுதான். இரண்டு ரேங்க்களையும் பக்கத்துப் பக்கத்து விசைகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டெலெக்ட்டை மட்டும் குவிப்பது

இன்டெலெக்ட் என்னும் பண்பு ஒரு புள்ளி கூடினால் மனா அளவு 15 கூடும். லெவல் ஏறும் காலத்தில் இன்டெலெக்ட்டும் ஸ்பிரிட்டும் சேர்ந்த உடைகள் நல்லவையே. 60-ஐத் தொட்ட பிறகும் அதையே தேடுவதில்தான் பிரச்சினை. மந்திர சக்தி 100 கூடினால் ஒவ்வொரு ஃப்ராஸ்ட்போல்ட்டும் எண்பதுக்குச் சற்று மேல் கூடுதலாக அடிக்கும், மனா ஒரு துளியும் கூடுதலாகக் கேட்காது. எதிரி சீக்கிரம் செத்தால் அதுவும் மனா சேமிப்புதான்.

கிளியர்காஸ்டிங்கைக் கவனிக்காமல் விடுவது

ஆர்கேன் கான்சென்ட்ரேஷன் திறமையை முழுதாக எடுத்தவருக்கு, தாக்கும் மந்திரம் பட்டால் பத்து சதவீத வாய்ப்பில் அடுத்த தாக்கும் மந்திரம் இலவசம். இதுதான் கிளியர்காஸ்டிங். கூட்டத்தின் நடுவே அதைக் காட்டும் ஒளி வந்தால் 1,400 மனா பிளிஸார்டுக்குக் கொடுங்கள். இலவச மந்திரத்துக்கு மனா செலவில்லை, அதனால் அது ஐந்து நொடிக் கணக்கையும் தொடாது.

பிளிஸார்டைத் தொடங்கிவிட்டு நகர்வது

ஃப்ராஸ்ட்போல்ட்டுக்கு நேர் எதிர் இது. முழு மனாவும் தொடக்கத்திலேயே போய்விடும். ஒரு அடி எடுத்து வைத்தாலும் பனி மழை நின்றுவிடும், மனா திரும்பாது. எங்கே நிற்பது என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

முந்தைய நாள் இரவே தண்ணீர் செய்து வைப்பது

மேஜ் உருவாக்கும் தண்ணீர், ஆட்டத்தை விட்டு 15 நிமிடத்துக்கு மேல் வெளியே இருந்தால் மறைந்துவிடும். ரெய்டுக்கு (பெரிய குழுவாகப் போகும் சண்டை) முன் அரை மணி நேரம் சீக்கிரம் வந்து செய்யுங்கள். முதலில் செய்யும் அடுக்குத் தண்ணீர் ப்ரீஸ்ட்களுக்கு.