பழைய தங்கக் கைக்கடிகாரம் வாங்குமுன் பின்மூடியைத் திறந்து பார்க்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், 14 காரட் தங்கம் என்று நம்பி நான் வாங்கிய அமெரிக்கக் கைக்கடிகாரம் ஒன்று, தங்கத் தகடு பொதிந்த மலிவான உலோகம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எங்கே தவறினேன் என்பதை விளங்கிக்கொண்ட பின், 1950களிலும் 60களிலும் வந்த சுவிஸ் தங்கக் கடிகாரங்களை, குறிப்பாக ஒமேகா கான்ஸ்டலேஷன் வகையை, வாங்குமுன் நான் தவறாமல் செய்து வருவதை இங்கே எழுதுகிறேன்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். அதற்கு மேற்பட்டவை தொடக்கத்தில் கண்ணைக் குழப்பும். 1952இல் அறிமுகமான கான்ஸ்டலேஷனில் அழுத்தி மூடும் பின்மூடியும் உண்டு, திருகி மூடுவதும் உண்டு. திருகு மூடிக்கு, இரும்புப் பற்கள் கொண்ட சாவியைவிட, உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் பந்தையே நான் பரிந்துரைக்கிறேன்; தங்கம் மென்மையானது, பல் ஒரு முறை வழுக்கினால் அந்தக் கீறல் போகாது. அழுத்து மூடியை, விளிம்பில் உள்ள சிறு பள்ளத்தில் மெல்லிய கத்தியை வைத்து நெம்ப வேண்டும். பழக்கமில்லாதவர்கள் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமே கொடுத்துத் திறக்கச் சொல்லி, அருகில் நின்று பார்ப்பது நல்லது.

மூடியின் உட்புறத்தில் முதலில் தேட வேண்டியது முத்திரை. 18 காரட் என்றால் 0,750 என்ற எண்ணும், சுவிட்சர்லாந்தின் உருவகமான ஹெல்வெஷியா என்னும் பெண்ணின் பக்கவாட்டு முகமும் இருக்கும். 14 காரட் என்றால் 0,585 என்ற எண்ணும் ஓர் அணிலும் இருக்கும். சாவி வடிவத்துக்குள் ஓர் எண் தெரிந்தால், அது கூட்டை, அதாவது கடிகாரத்தின் வெளி உறையை, செய்த ஜெனீவா பட்டறையைக் குறிப்பது. அதன் பிறகு, வார் மாட்டும் காதுகளின் அடிப்புறத்தையோ பக்கத்தையோ பார்த்து, அங்கும் முத்திரை இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மூடி மட்டும் தங்கமாகவும் உடல் வேறாகவும் இருப்பதை இந்த ஒப்பீடுதான் காட்டிக்கொடுக்கும்.

நான் தவறிய இடமும் இதுதான். விற்றவர் மூடியைத் திறக்கத் தயங்கியதால், நகைக்கடை ஒன்றின் காரட் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். அது ஏறத்தாழ 58 சதவீதம் காட்டியதும் ஐயமின்றிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கருவியின் எக்ஸ் கதிர், மேற்பரப்பின் சில மைக்ரான் ஆழத்தை மட்டுமே அளக்கிறது. கோல்டு ஃபில்டு எனப்படும் கூடுகளில் மலிவான உலோகத்தின் மேல் அழுத்திப் பொதித்த தங்கத் தகடு அதைவிடப் பல மடங்கு தடிப்பானது என்பதால், கருவி தான் கண்ட தங்கத்தைச் சரியாகத்தான் சொன்னது. உரைகல்லில் லேசாக உரசினாலும் அதே விடைதான் கிடைத்திருக்கும். வீட்டில் மூடியைத் திறந்தபோது, கோல்டு ஃபில்டு என்ற சொற்கள் உட்புறத்தில் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே திறக்க மறுப்பவரிடம் நான் இப்போது வாங்குவதில்லை.

முத்திரை சரியாக இருந்தால், அதன் கூர்மையைப் பாருங்கள். பலமுறை மெருகேற்றிய கூட்டில், காதுகளின் விளிம்புகள் உருண்டு, வெளிப்புற முத்திரை மங்கி, கான்ஸ்டலேஷனின் பின்மூடியில் உள்ள வான் ஆய்வகச் சின்னத்துக்கு மேலுள்ள எட்டு நட்சத்திரங்களும் வெறும் புள்ளிகளாகத் தேய்ந்திருக்கும். இழந்த தங்கம் திரும்பாது என்பதால், கீறல்கள் நிறைந்த, மெருகேற்றாத கூட்டையே நான் எப்போதும் விரும்புகிறேன்.

டயலில், ஆறு மணிக்குக் கீழே, சுவிஸ் மேட் என்ற சொற்களின் இருபுறமும் ஓ, எம் என்ற எழுத்துகள் இருந்தால் டயலே முழுத் தங்கம். 1970களின் கடிகாரங்களில் அதே இடத்தில் சிக்மா என்னும் கிரேக்க எழுத்து இருந்தால், முள்களோ மணிக்குறிகளோ தங்கம் என்று பொருள். இந்தியச் சந்தையில் பழைய டயல்களுக்கு மறுவண்ணம் பூசுவது மிகுதி என்பதால், எழுத்துகளின் ஓரம் கசிந்திருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

இறுதியாக இயந்திரம். செம்பு நிறத் தகட்டில் பொறித்த இயந்திர வகை எண்ணைப் படியுங்கள்: 551 தேதி காட்டாது, 561 காட்டும். தேதிச் சாளரம் உள்ள டயலுக்குப் பின்னால் 551 இருந்தால் இரண்டும் வெவ்வேறு கடிகாரங்களிலிருந்து வந்தவை. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸுக்கு 850 டாலரைத் தொட்டபோது எத்தனையோ கூடுகள் உருக்கப்பட்டு, இயந்திரங்கள் மட்டும் எஞ்சின. அவற்றில் சில பின்னாளில் வேறு கூடுகளில் ஏறியிருக்கின்றன.

பின்சேர்க்கை: தம் ஒமேகாவில் ஹெல்வெஷியாவும் இல்லை, அணிலும் இல்லை, 375 என்ற எண்ணும் ஒரு நங்கூரமும்தான் இருக்கின்றன, இது போலியா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போலி என்று முடிவுகட்ட வேண்டாம். நங்கூரம் பர்மிங்காம் மதிப்பீட்டு நிலையத்தின் குறி. சுவிஸ் இயந்திரத்தை இங்கிலாந்திலேயே செய்த 9 காரட் கூட்டில் பொருத்தி விற்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது, அருகில் உள்ள ஆங்கில எழுத்து முத்திரையிட்ட ஆண்டைச் சொல்லும். மாறாக, 1950களின் கடிகாரம் என்று காட்டப்படுவதில் செயின்ட் பெர்னார்டு நாயின் தலை பொறித்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். சுவிட்சர்லாந்து அந்த முத்திரையை 1995இல்தான் கொண்டுவந்தது.